கலிபோர்னியாவின் சின்ன ஊர் மன்றம்: யார் யார், உள்ளூர்ச் சட்டம் எப்படி நிறைவேறுகிறது – முழுமையான வழிகாட்டி

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இலை ஊதும் பெட்ரோல் இயந்திரம் காலை எத்தனை மணிக்கு அலறலாம், வீட்டை வார இறுதி விருந்தினருக்கு வாடகைக்கு விடலாமா, இரவில் தெருவோரம் வண்டி நிறுத்தலாமா? கலிபோர்னியாவின் சின்ன ஊர்களில் இவற்றைப் பெரும்பாலும் ஐந்து பேர் கொண்ட ஒரு மன்றம்தான் முடிவு செய்கிறது. பல ஊர்களில் மாதம் இரண்டு மாலை கூடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், பேசலாம். ஆனால் ஒரு சட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்களில் பலர் வந்து சேர்வது கடைசி வாக்கெடுப்பு நாளில்தான். அதற்குள் வாசகங்கள் இறுகிவிட்டிருக்கும். எந்த நாளில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். அதனால் இந்த வழிகாட்டியில் நாள் கணக்குக்கே அதிக இடம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'ஆர்டினன்ஸ்' என்றால் இந்தியாவில் நமக்கு நினைவுக்கு வருவது ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிக்கும் அவசரச் சட்டம். அமெரிக்க ஊர்களில் அதே சொல், மன்றம் இரண்டு கூட்டங்களில் நிதானமாக நிறைவேற்றும் சாதாரண உள்ளூர்ச் சட்டத்தைக் குறிக்கிறது. 'தீர்மானம்' என்பது வேறு: ஒப்பந்தம், கட்டணப் பட்டியல், கொள்கை அறிவிப்பு போன்றவற்றுக்கு ஒரே கூட்டத்தில் எடுக்கும் முடிவு. மக்களைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி, மீறினால் தண்டிக்கும் விதி வேண்டுமென்றால் உள்ளூர்ச் சட்டமே தேவை.

உங்கள் ஊர் எந்த வகை?

கலிபோர்னியாவில் 483 நகரங்கள் உள்ளன. கடைசியாகச் சேர்ந்தது 2024 ஜூலை 1 அன்று நகரமான மவுண்டன் ஹவுஸ். லாஸ் கேட்டோஸ், டேன்வில் போன்றவை தங்களை 'டவுன்' என்று அழைத்துக்கொண்டாலும் சட்டத்தின் கண்ணில் நகரத்துக்கும் டவுனுக்கும் வேறுபாடு இல்லை. உண்மையான பிரிவினை வேறு இடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நகரங்கள் மாநில அரசுச் சட்டத் தொகுப்பை அப்படியே பின்பற்றும் 'பொதுச் சட்ட நகரங்கள்'. மற்றவை வாக்காளர் ஒப்புதலோடு தமக்கென ஒரு சாசனம், அதாவது நகரத்துக்கான அடிப்படைச் சட்டம், எழுதிக்கொண்ட 'சாசன நகரங்கள்'. சின்ன ஊர்கள் பெரும்பாலும் முதல் வகை. கீழே சொல்லும் எண்கள் எல்லாம் பொதுச் சட்ட நகரத்துக்கானவை. சாசன நகரமென்றால் சாசனத்தையும் எடுத்துப் படிக்க வேண்டும்.

இது வெறும் பெயர் வேறுபாடு அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள பெல் நகரம் 2005-இல் 400 பேர்கூட வாக்களிக்காத ஒரு சிறப்புத் தேர்தலில் சாசன நகரமானது. அதோடு, மன்ற உறுப்பினர் ஊதியத்துக்கு மாநிலம் போட்டிருந்த உச்சவரம்பு அதற்குப் பொருந்தாமல் போனது. 2010-இல் விவரம் வெளியானபோது மன்ற உறுப்பினர் நால்வர் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் டாலரும், நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோ ஏறக்குறைய 8 லட்சம் டாலரும் ஊதியமாகப் பெற்றுவந்தது தெரிந்தது. ரிஸ்ஸோவுக்கு 2014-இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆளில்லாத தேர்தலும் ஆளில்லாத கூட்டமும் ஓர் ஊருக்கு என்ன விலை வைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். பொதுச் சட்ட நகரத்தில் மக்கள்தொகை 35,000 வரை இருந்தால், 2024 முதல் மன்றம் தனக்கு நிர்ணயித்துக்கொள்ளக்கூடிய ஊதியம் மாதம் 950 டாலர் வரைதான். அதற்குமுன் 300 டாலர். உயர்த்தினாலும், புதிய பதவிக்காலம் தொடங்கிய பிறகே அது கைக்கு வரும்.

மன்றத்தில் யார் யார்?

உறுப்பினர் ஐந்து பேர், பதவிக்காலம் நான்கு ஆண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் மாறிவிடாதபடி தேர்தல்கள் முறைமாற்றி வரும். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. மாநில அரசியலமைப்பே நகரப் பதவிகளைக் கட்சி சாராதவை என்கிறது. பல ஊர்களில் ஐவரும் தங்களுக்குள் ஒருவரை மேயராக்குகிறார்கள். வாக்காளர்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் ஊர்களும் உண்டு. கார்மெல்-பை-த-ஸீ அப்படிப்பட்டது. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் 1986-இல் மேயரானது அங்கேதான். எந்த வழியில் வந்தாலும் மேயருக்கு ஒரு வாக்குதான். மன்றம் நிறைவேற்றியதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிடையாது. 'மேயரைப் பார்த்தால் காரியம் நடந்துவிடும்' என்று நம் ஊர்ப் பழக்கத்தில் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். உங்களுக்கு வேண்டியது மூன்று வாக்குகள்.

அன்றாட நிர்வாகம் நகர மேலாளர் கையில். துறைத் தலைவர்களை அவர் நடத்துகிறார், அவரை மன்றம் நியமிக்கிறது. நகர வழக்கறிஞர் சின்ன ஊர்களில் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் வெளியிலிருந்து வருபவர். சட்ட வரைவு அவர் மேசையைக் கடக்காமல் மன்றத்துக்கு வராது. காவல் பணியையும் பல ஊர்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) காவல் தலைவரான ஷெரிஃபிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடும். 1954-இல் லேக்வுட் நகரம் தொடங்கிவைத்த முறை இது.

குடிமகனுக்கு உண்மையில் மிகவும் பயன்படுகிறவர் சிட்டி கிளார்க், அதாவது நகரச் செயலர். நிகழ்ச்சி நிரல், நடவடிக்கைக் குறிப்பு, சட்டப் பிரதி, வெளியீடு, மனுக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நிரல் மின்னஞ்சலில் வரும்படி முதல் நாளே அவர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

இவர்களோடு திட்டக் குழு ஒன்று இருக்கும். நிலப் பயன்பாடு தொடர்பான சட்டமென்றால் அது முதலில் அங்கேதான் போகும்.

மூன்று என்ற எண்

ஐவரில் மூவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். உள்ளூர்ச் சட்டம் நிறைவேற, வந்தவர்களில் பெரும்பான்மை போதாது. மன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் பெரும்பான்மை வேண்டும். மூவர் மட்டுமே வந்த கூட்டத்தில் 2–1 என்று வாக்கு விழுந்தால் சட்டம் தோற்றுவிட்டது. ஒருவர் நலமுரண் (முடிவில் அவருக்கே பண லாப நட்டம் இருப்பது) காரணமாக விலகி, இன்னொருவர் வெளியூரில் இருந்தால், மிச்ச மூவரும் ஒத்துப்போக வேண்டும். முக்கியமான சட்டம் வரும் நாளில் யார் வருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது இதனால்தான்.

நலமுரண் பற்றிய விதி கடுமையானது. உறுப்பினரின் சொத்து, முடிவுக்கு உட்பட்ட நிலத்திலிருந்து 500 அடிக்குள் இருந்தால் அவருக்குப் பொருளாதார நலன் உண்டு என்றே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். காரணத்தைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் தாக்கல் செய்யும் 'படிவம் 700'-இல் அவருடைய வருமான, சொத்து நலன்கள் இருக்கும். அது பொது ஆவணம், கேட்டால் தர வேண்டும்.

மூன்று என்ற எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. உள்ளூர் மன்றங்கள் திறந்த கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 1953-இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, மன்றத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் அறிவித்த கூட்டத்துக்கு வெளியே ஊர்க் காரியத்தை விவாதிக்கக் கூடாது. ஒரே அறையில் மூவரும் இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவர் இரண்டாமவரிடம் பேசி, இரண்டாமவர் அதை மூன்றாமவரிடம் கொண்டுபோனாலே மீறல்தான். மின்னஞ்சலில் 'எல்லோருக்கும் பதில்' அழுத்துவதில்தான் இது அதிகம் நடக்கிறது. சமூக ஊடகத்திலோ இன்னும் இறுக்கம்: ஊர்க் காரியம் பற்றி ஓர் உறுப்பினர் எழுதியதற்கு இன்னோர் உறுப்பினர் நேரடியாகப் பதில் எழுதுவதும், விருப்பக்குறியோ எமோஜியோ போடுவதும்கூடத் தடை. ஆகவே நீங்கள் உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்திக்கலாம். 'இன்னார் ஆதரவாக இருக்கிறார்' என்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செய்தி சுமக்காதீர்கள். உங்கள் நல்லெண்ணமே அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடும்.

படி 1: விஷயம் ஊரின் அதிகாரத்துக்குள் இருக்கிறதா?

மாநில அரசியலமைப்பின் 11-ஆம் பகுதி, 7-ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் மாநிலப் பொதுச் சட்டங்களோடு மோதாத விதிகளை இயற்றும் அதிகாரத்தை நகரத்துக்குத் தருகிறது. 'மோதாத' என்பதுதான் உரைகல். இலை ஊதும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். புதிய பெட்ரோல் இயந்திரங்களின் விற்பனையை மாநிலம் 2024 மாடல் ஆண்டிலிருந்து கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே வாங்கியதை எங்கே, எப்போது இயக்கலாம் என்பது ஊர் கையில் இருக்கிறது. கார்மெல் 1975-லேயே தடை போட்டது. புதிய வரி என்றால் மன்றம் மட்டும் போதாது. 1996-இல் மாநில வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய முன்மொழிவு 218-இன்படி வாக்காளர் ஒப்புதல் தேவை.

படி 2: நிரலுக்குள் கொண்டுவருதல்

மன்றக் கூட்டத்தில் எழுந்து ஒரு புதிய சட்டம் கேட்டால், உறுப்பினர்கள் அதைப் பற்றி விவாதிக்க மாட்டார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். நிரலில் இல்லாததை விவாதிக்கச் சட்டம் அவர்களை விடவில்லை. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், அலுவலரிடம் ஆராயச் சொல்லலாம், அடுத்த நிரலில் வைக்கச் சொல்லலாம். எத்தனை உறுப்பினர் கேட்டால் ஒரு பொருள் நிரலில் ஏறும் என்பதை ஒவ்வோர் ஊரும் தன் நடைமுறை விதியில் வைத்திருக்கும். செயலரிடம் கேட்டு, அத்தனை பேரைத் தனித்தனியே பார்த்துவிட்டுப் பிறகு ஒலிவாங்கிக்கு வாருங்கள்.

படி 3: வரைவு

வரைவு எழுதும் வாரங்கள்தான் மிக மதிப்புள்ள காலம். அலுவலர்கள் இன்னும் எதையும் பாதுகாக்க வேண்டிய நிலையில் இல்லை. ஒரு நல்ல வரைவில் காரணங்கள், சொல் விளக்கங்கள், தடை, விலக்குகள், தண்டனை, ஒரு பகுதி செல்லாமல் போனால் மற்றவை நிற்கும் என்ற வாசகம், மாநிலச் சுற்றுச்சூழல் சட்டப்படியான முடிவு, நடைமுறை நாள் ஆகியவை இருக்கும். முன்னால் 'இன்ன நகரத்தின் மன்றம் பின்வருமாறு விதிக்கிறது' என்ற இயற்றும் வாசகம் வர வேண்டும்.

பிழை நேர்வது சொல் விளக்கத்திலும் தண்டனையிலும். 'இலை ஊதும் கருவி' என்று மட்டும் எழுதினால் மின்கலத்தில் ஓடுவதும் தடைக்குள் வந்துவிடும். தண்டனை பற்றி எதுவும் சொல்லாவிட்டால், மீறல் தானாகவே குற்றவியல் குற்றமாகிவிடுகிறது: 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசியுங்கள். 'சிறுமீறல்' என்று தெளிவாக எழுதினால் முதல் முறை 100 டாலர் வரை, ஓராண்டுக்குள் இரண்டாம் முறை 200 வரை, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 500 வரை, சிறை இல்லை. வரைவு கையில் கிடைத்ததும் முதலில் இந்தப் பத்தியைத் தேடுங்கள்.

காரணப் பகுதியும் வெறும் அலங்காரம் அல்ல. கார்மெலில் 1963-இல் வந்த ஒரு விதி இன்றும் பேசப்படுகிறது: இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமும் ஒரு சதுர அங்குலத்துக்குக் குறைந்த அடிப்பரப்பும் கொண்ட குதிகால் காலணி அணிய அனுமதிச் சீட்டு வேண்டும். மர வேர்கள் தூக்கிவிட்ட நடைபாதையில் இடறி விழுகிறவர்கள் ஊர் மீது வழக்குப் போடுவதைத் தடுக்க நகர வழக்கறிஞர் எழுதியது அது. காரணம் தெரியாமல் படித்தால் விசித்திரமாகத் தெரியும் விதி, தெரிந்தபின் விளங்குகிறது.

நில வகைப்பாட்டைத் தொடும் சட்டமென்றால் (குறுகியகால வாடகை பெரும்பாலும் இதில் வரும்) திட்டக் குழு முதலில் பொது விசாரணை நடத்த வேண்டும். அனுமதிக்கப்பட்ட பயன்பாடு மாறுமானால் 2025 முதல் 20 நாள் முன்னறிவிப்பு. திட்டக் குழு பார்த்திராத புதிய மாற்றத்தை மன்றம் செருகினால், அது மீண்டும் குழுவுக்குத் திரும்ப வேண்டும்.

படி 4: அறிவிப்பும் முதல் வாசிப்பும்

கூட்டங்கள் செப்டம்பர் 1, செப்டம்பர் 15 ஆகிய செவ்வாய்க்கிழமைகளில் மாலை 7 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கூட்டத்துக்கு நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும். செவ்வாய் மாலை 7-க்கு 72 மணி முன் என்றால் சனி மாலை 7. அதாவது நீங்கள் படிக்க வாரக்கடைசி மட்டுமே கிடைக்கலாம். நிரலில் ஒரு பொருளின் விளக்கம் 20 சொல்லைத் தாண்டத் தேவையில்லை, ஆகவே தலைப்பை மட்டும் நம்பாமல் இணைப்பிலுள்ள அலுவலர் அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

செப்டம்பர் 1 அன்று அலுவலர் விளக்குவார், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், மக்கள் பேசுவார்கள், பிறகு மன்றம் விவாதிக்கும். யாரோ ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிவார். முழுச் சட்டத்தையும் உரக்கப் படிப்பதில்லை. தலைப்பு நிரலில் இருந்து, பிரதி மக்களுக்குக் கிடைத்தால் தலைப்பை வாசித்தால் போதும். வாக்கு விழுந்தால் சட்டம் 'அறிமுகமானது'. நிறைவேறிவிடவில்லை.

பேச நீங்கள் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டியதில்லை, வாக்காளராகவோ அந்த ஊரில் குடியிருப்பவராகவோகூட இருக்க வேண்டியதில்லை. பெயரைப் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்ல முடியாது. மன்றத்தின் கொள்கையையும் செயலையும் குறை கூறுவதைத் தடுக்கவும் முடியாது. நேரம் பல ஊர்களில் மூன்று நிமிடம். நிமிடத்துக்கு 130 சொல் என்று கணக்கிட்டால் 390 ஆங்கிலச் சொல். வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: நேர வரம்பு இருக்கும் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியே பேசுகிறவருக்கு இருமடங்கு நேரம் தர வேண்டும். ஒரே நேரத்தில் மொழிபெயர்க்கும் கருவி மன்றத்திடம் இருந்தால் மட்டும் விலக்கு. ஊரில் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அம்மாவும் அப்பாவும் தமிழிலேயே பேசலாம், மகளோ மகனோ மொழிபெயர்க்கலாம்.

பேச்சில் 'இதை எதிர்க்கிறேன்' என்பதோடு நிறுத்தாமல், பிரிவு எண்ணைச் சொல்லி மாற்று வாசகத்தைப் படியுங்கள். எழுத்திலும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மேடையில் இருப்பவர் 'அந்த வாசகத்தோடு முன்மொழிகிறேன்' என்று சொல்ல வழி செய்து கொடுப்பதுதான் நோக்கம்.

படி 5: இரண்டாம் வாசிப்பு

அறிமுகமான ஐந்து நாளுக்குள் சட்டத்தை நிறைவேற்றக் கூடாது. வழக்கமான கூட்டத்திலோ அதன் ஒத்திவைப்புக் கூட்டத்திலோதான் நிறைவேற்ற வேண்டும். சிறப்புக் கூட்டத்தில் செய்தால் செல்லாது. நம் கணக்கில் அது செப்டம்பர் 15.

இங்கே இரண்டு பொறிகள். இரண்டாம் வாசிப்பைப் பல ஊர்கள் 'ஒப்புதல் பட்டியலில்' வைக்கின்றன: பத்துப் பன்னிரண்டு பொருள்கள் விவாதமின்றி ஒரே வாக்கில் போய்விடும். பேச வேண்டுமானால் அந்தப் பட்டியல் எடுக்கப்படும் முன்பே கை தூக்க வேண்டும். பட்டியலிலிருந்து அதைத் தனியே எடுக்கும்படி ஓர் உறுப்பினரிடம் முந்தைய நாளே கேட்டுக்கொள்வது நல்லது. மற்றது, மாற்றம். எழுத்துப் பிழை திருத்தலாம். பொருள் மாறும் எந்தத் திருத்தம் செய்தாலும் மறுபடி ஐந்து நாள் கழிந்தபின் வரும் வழக்கமான கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டாம் நாளில் கோரிக்கையோடு வருகிறவர்களுக்கு மன்றம் தயங்குவது இதனால். 'சரிதான், ஆனால் இரண்டு வாரம் தள்ளிப்போகும்' என்பது அவர்கள் மனக்கணக்கு.

அவசரமென்றால் வேறு வழி உண்டு. பொது அமைதி, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றை உடனே காக்க வேண்டிய நிலை என்று, அதற்கான உண்மைகளைச் சட்டத்திலேயே எழுதி, ஐந்தில் நான்கு பங்கு வாக்கோடு ஒரே கூட்டத்தில் நிறைவேற்றலாம். உடனே நடைமுறைக்கு வரும். ஐவர் மன்றத்தில் அது நான்கு வாக்கு. 'அவசரம்' என்ற சொல்லை எழுதிவிட்டு உண்மைகளை எழுதாமல் விட்டால் நீதிமன்றத்தில் நிற்காது.

படி 6: கையெழுத்து, வெளியீடு, நடைமுறை

மேயர் கையெழுத்திட, செயலர் சான்றளிக்கிறார். நிறைவேறிய 15 நாளுக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பெயர்களோடு உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். பத்திரிகையே இல்லாத ஊர் என்றால் குறைந்தது மூன்று பொது இடங்களில் ஒட்டலாம். நீண்ட சட்டமானால் சுருக்கம் வெளியிடலாம். ஆனால் அதற்கு நிறைவேற்றும் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே சுருக்கத்தை வெளியிட்டு, முழுப் பிரதியைச் செயலர் அலுவலகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு இன்னொரு முறையும் வெளியிட வேண்டும். வெளியிடாத சட்டம் நடைமுறைக்கு வராது. அபராதச் சீட்டு வாங்கியவர் முதலில் கேட்க வேண்டியது வெளியீட்டுச் சான்று.

பொதுவாக நிறைவேறி 30 நாள் கழித்துச் சட்டம் உயிர்பெறும். இந்தக் கணக்கில் அக்டோபர் நடுப்பகுதி.

படி 7: எதிர்ப்பு மனு

அந்த 30 நாள் மக்களுக்கென்றே வைத்த இடைவெளி. அதற்குள் ஊரின் பதிவு பெற்ற வாக்காளரில் 10 விழுக்காட்டினர் கையெழுத்திட்ட மனு செயலரிடம் சேர்ந்தால் சட்டம் நின்றுவிடும். 1,000 அல்லது அதற்குக் குறைந்த வாக்காளர் உள்ள ஊரில் 25 விழுக்காடு அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது. மன்றம் சட்டத்தை முழுதாகத் திரும்பப் பெற வேண்டும், அல்லது வாக்கெடுப்புக்கு விட வேண்டும். திரும்பப் பெற்றாலும் தோற்றாலும் ஓராண்டுக்கு அதை மறுபடி இயற்ற முடியாது. 4,000 வாக்காளர் உள்ள ஊருக்கு 400 கையெழுத்து வேண்டும். செல்லாதவை கழியும் என்பதால் 500-க்கு மேல் திரட்டுவது பாதுகாப்பு. சட்டத்தின் முழு வாசகமும் ஒவ்வொரு மனுப் பகுதியிலும் இணைந்திருக்க வேண்டும். ஓர் இணைப்பு விடுபட்டதாலேயே மனு மொத்தமும் தள்ளுபடியாகலாம். அவசரச் சட்டங்களுக்கு இந்த வழி இல்லை.

பிரவுன் சட்டம் மீறப்பட்டிருந்தால் வேறு பாதை: மீறல் நடந்து 90 நாளுக்குள், திறந்த கூட்டத்தில் நிரல் தொடர்பான மீறலானால் 30 நாளுக்குள், திருத்தக் கோரி எழுத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். திருத்த மன்றத்துக்கு 30 நாள் அவகாசம். அதன்பின்தான் நீதிமன்றம்.

எல்லாம் முடிந்து சட்டம் நகரச் சட்டத் தொகுப்பில் ஏறும். இணையத்திலுள்ள தொகுப்பு சில மாதங்கள் பின்தங்கியிருப்பது வழக்கம். அதில் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் சட்டம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்; சட்ட எண்ணைச் சொல்லி, செயலரிடம் சான்றளித்த பிரதி கேளுங்கள்.